நேரே போக நாலு விளக்கு

வேலப்பன் இண்டிகேட்டர் போடாமல் பாயில் புரண்டுகூடப் படுக்கமாட்டார் என்று கரமனை டீக்கடையில் ஒரு கேலி உண்டு. கேலி செய்கிறவர்களும் அவரைப் போலவே கூப்பிட்டால் போகிற டிரைவர்கள்தான். சொந்த வண்டி கிடையாது. காரை வைத்துக்கொண்டு ஓட்ட ஆளில்லாத வீட்டிலிருந்து போன் வந்தால் போவார்கள், ஓட்டிக்கொடுப்பார்கள், சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்து வருவார்கள். அக்கிரகாரத் தெருக்களில் இப்படிப்பட்ட கார்கள் ஏராளம். பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள், கார் மட்டும் வாசலில் உறை போர்த்திக்கொண்டு நிற்கிறது.

அந்தக் கேலி வேலப்பனுக்கு வலிக்காது. உள்ளூரக் குளிரும். இருபது வயதில் குழித்துறைப் பக்கத்திலிருந்து லாரி கிளீனராகத் திருவனந்தபுரம் வந்தவர். இப்போது ஐம்பத்தாறு. முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறார், ஒரு கீறல் கிடையாது. இதை அவரே சொல்லுவார். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

“திரும்புகதுக்கு முன்ன போடணும்டே. முப்பது மீட்டருக்கு முன்ன. திரும்பின பொறவு போட்டா அது சிக்னலா, நியூஸா?” என்பார். “திரும்பியாச்சுன்னா அணைக்கணும். பழவங்காடியில போட்ட லைட்டு கிள்ளிப்பாலம் வரைக்கும் மின்னிட்டே வருகு. பின்னால வாறவன் என்ன செய்வான், பாவம்?” இடது பக்கம் திரும்பக் காலை வெளியே நீட்டுகிற ஆட்டோக்காரனைக் கண்டால் கண்ணாடியை இறக்கி, “ஓய், காலுல பல்பு கெட்டியிருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார். கேட்டதில் தப்பும் இல்லை. சொன்னதெல்லாம் சரிதான். அதனால்தான் மனுஷருக்கு அத்தனை தலைக்கனம்.

ஆனால் ஒரு விஷயம் அவருடைய சொந்தச் சரக்கு. நாலு முக்கில் இடது போகிறவனுக்கு ஒரு விளக்கு, வலது போகிறவனுக்கு ஒரு விளக்கு. நேரே போகிறவனுக்கு? ஒன்றுமே இல்லை. இது என்ன நியாயம் என்று வேலப்பனுக்குத் தோன்றியது. லாரிக் காலத்தில் யாரோ செய்ததைப் பார்த்திருக்கிறார்: டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தான் இருக்கிறதே, அதை அமுக்கினால் நாலு மூலை விளக்கும் ஒன்றாய் மின்னும். இடதும் இல்லை, வலதும் இல்லை, அப்படியானால் நேரே. எவ்வளவு மரியாதையான யோசனை! அன்றிலிருந்து எந்த முக்கிலும் நேரே போவதென்றால் வேலப்பன் நாலையும் போட்டுக்கொண்டுதான் போவார். டீக்கடையில் இருந்த விஜய்குமார் முதலான ஏழெட்டுப் பேருக்கும் சொல்லிக்கொடுத்தார். அவர்களும் போட ஆரம்பித்தார்கள். கரமனைப் பக்கம் நாலு விளக்கு மின்ன ஒரு கார் நேரே போனால், அதில் பாதிப் பெருமை தனக்கு என்று நினைத்துக்கொள்வார்.

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் ஓட்டியது நாகேஸ்வரனுடைய காரை. நாகேஸ்வரன் ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியாயிற்று. பின்சீட்டில் அவரும் மனைவி சூடாமணியும் பல் டாக்டரிடம் போகிறார்கள். வலியசாலை போகிற வழியில் ஒரு நாலு முக்கு. முன்னால் ஒரு பஸ் வலது பக்கம் திரும்ப இடம் பார்த்து நடுரோட்டில் நின்றது. வேலப்பன் நேரே போகவேண்டும். வழக்கம்போல முக்கோணத்தை அமுக்கினார். பஸ்ஸின் பின்னாலிருந்து வண்டியை இடப்பக்கமாக ஒடித்து வெளியே எடுத்தார். இடது கிளை ரோட்டிலிருந்து ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது.

பிரேக்கை மிதித்தார். மிதித்தும் பட்டுவிட்டது.

ஸ்கூட்டர் ஒரு பக்கம், அந்தப் பெண் ஒரு பக்கம். முப்பது வயது இருக்கும். பையிலிருந்து தைத்த பிளவுஸ்கள் ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. இடது காலைப் பிடித்துக்கொண்டு அவள் அலறினாள். அலறலுக்கு நடுவிலும் ஒன்றையே சொன்னாள்: “லெஃப்ட் போட்டிருந்தியளே அண்ணே! லெஃப்டு லைட்டு கெடந்து மின்னிச்சே! பின்ன ஏன் நேரே வந்திய?”

இதைக் கேட்டதும் வேலப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. லெஃப்டா? நானா? முப்பது வருஷத்தில் ஒரு தடவை தப்பான சிக்னல் போட்டிருப்பேனா? “பச்சப் பொய்!” என்று கத்தினார். கால் ஒடிந்து கிடக்கிற பெண்ணைப் பார்த்து, ரோட்டில், அத்தனை பேர் முன்னால் கத்தினார்.

கூட்டமும் அவர் பக்கம்தான். கிளை ரோட்டிலிருந்து பாய்ந்து வந்தது அவள், பார்த்தோம் என்றார்கள். போலீஸ்காரர் வந்தபோது நாகேஸ்வரன் இறங்கி நின்றார். “வேலப்பா, நீ சும்மா இரு, நான் பேசிக்கறேன். எங்காத்து வண்டியைப் பத்து வருஷமா இவன்தான் ஓட்டறான். தப்பு சிக்னல் போடற ஜாதியே இல்லை இவன்.” வேலப்பன் நெஞ்சு நிமிர்ந்தது. சும்மா இருந்திருக்கலாம். அவரோ போலீஸ்காரரிடம், “அந்தப் பிள்ளைக்குக் கண்ணு செரியில்ல போல சாரே” என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துப் போட்டார்.

அந்தப் பெண்ணின் பெயர் ஷிஜா. கிளை ரோட்டுக்குள் சின்ன வாடகை வீடு. அக்கிரகாரத்துப் பெண்களுக்குப் பிளவுஸ் தைத்து அவளே கொண்டுபோய்க் கொடுப்பாள். புருஷன் செல்வகணேஷ் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். ஸ்கூட்டர் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இதெல்லாம் பிறகு தெரியவந்தது. அன்று வேலப்பனுக்குத் தெரிந்ததெல்லாம், ஒருத்தி தன் மேல் பொய் சொல்கிறாள் என்பதுதான். டீக்கடையில் அதையே நாலு நாள் பேசினார். வீட்டிலும் பேசினார். மனைவி மாடம்மாள் கேட்டுக் கேட்டுச் சலித்து, “பொய்யோ நேரோ, காலு ஒடிஞ்சு கெடக்கது அவளாக்கும். ஒரு எட்டு போயி பாத்துட்டு வாருங்கோ” என்றாள். “பொய் சொல்லுகவளைப் பாக்க நான் போகணுமா?” என்றார்.

ஒன்பதாம் நாள், ஒரு வீட்டில் காரை விட்டுவிட்டு அந்தக் கிளை ரோடு வழியாக நடந்து வந்துகொண்டிருந்தார். அதே நாலு முக்கு. ரோட்டைத் தாண்ட வேண்டும். அன்றைக்குப் போலவே ஒரு பஸ் வலது பக்கம் திரும்ப நடுவில் நின்றது. அதன் பின்னாலிருந்து ஒரு காரின் இடது மூலை எட்டிப் பார்த்தது. இடது விளக்கு மின்னியது. கார் இடப்பக்கமாக ஒடிந்து வந்தது. சரி, இந்த ரோட்டுக்குள் திரும்புகிறான் என்று வேலப்பன் ரோட்டில் கால் வைத்தார்.

கார் திரும்பவில்லை. நேரே வந்தது.

ஹாரன் காதைக் கிழித்தது. வேலப்பன் பின்னால் துள்ளி விழப்பார்த்தார். முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே விஜய்குமார்.

“வேலப்பண்ணே! நீங்களா? என்னண்ணே இப்பிடிக் குறுக்க சாடுகிய?”

“லெஃப்ட்... லெஃப்டு போட்டுட்டு நேரே வாறியேடே!”

விஜய்குமார் சிரித்துவிட்டான். “லெஃப்டு எங்க போட்டேன்? நாலும் போட்டிருக்கேன், பாருங்கோ. நீங்க சொல்லித் தந்ததுதானே!”

வேலப்பன் பார்த்தார். கார் முழுசாக முன்னால் நின்றது. இடதும் வலதும் ஒன்றாய் மின்னிக்கொண்டிருந்தன. பஸ் வலது பக்கம் திரும்பிப் போய்விட்டிருந்தது.

விஜய்குமார் கையாட்டிவிட்டுப் போய்விட்டான். வேலப்பனால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. காது இரண்டும் சூடேறி எரிந்தது. அவள் பொய் சொல்லவில்லை. அவள் கண்ணும் சரியாகத்தான் இருந்தது. என்னைப் போலவே பார்த்தாள், என்னைப் போலவே நினைத்தாள், அவ்வளவுதான். நான் தப்பித்தேன், அவள் கால் ஒடிந்தது.

ஆனாலும் மனுஷ மனசு லேசில் ஒத்துக்கொள்ளுமா? மறுநாள் நாகேஸ்வரன் வீட்டுக்குப் போய்க் காரைத் துடைக்கிற சாக்கில் முக்கோணத்தை அமுக்கிவிட்டு இறங்கினார். காம்பவுண்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தூண் வலது பாதியை மறைத்தது. ஒரே ஒரு விளக்கு மின்னியது. இடது விளக்கு. இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார். விளக்கு அவருக்காக மாறவில்லை.

சூடாமணி வாசலில் வந்து நின்றாள். “என்ன வேலப்பன், விளக்கு ஏதானும் கேடாயிடுத்தா?”

“இல்லம்மா. விளக்கு நல்லாத்தான் எரியுகு” என்றார். குனிந்து டயரைத் துடைக்க ஆரம்பித்தார். டயரை யாராவது துணியால் துடைப்பார்களா!

அன்று சாயங்காலம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஷிஜாவைப் பார்க்கப் போனார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். வழியெல்லாம் வார்த்தையை அடுக்கிக்கொண்டே போனார்.

ஷிஜா கட்டிலில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தையல் மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. முற்றத்தில் அந்த ஸ்கூட்டர், முன்பக்கம் நசுங்கி நின்றது. அவரைக் கண்டதும் அவள் முகம் மாறியது. திட்டப்போகிறாள் என்று நினைத்தார். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தார்.

“இரியுங்கண்ணே” என்றாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “அன்னைக்கு வேதனையில என்னெல்லாமோ சொல்லிட்டேன். மனசுல வைக்காதிய. எல்லாரும் லெஃப்டு போடல, போடலன்னு சொல்லுகாவ. எனக்குத்தான் தோணியிருக்கும் போல.”

வேலப்பன் பழப் பையை மடியில் இடம் மாற்றி வைத்துக்கொண்டார்.

“கண்ணு செரியில்லன்னு போலீஸ்ல யாரோ சொன்னாங்களாம். இவரு என்னைக் கண் டாக்டர்கிட்ட கொண்டு போனாரு. ஒடிஞ்ச காலோட தூக்கிட்டுப் போனாரு. கண்ணுக்கு ஒரு கொழப்பமும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்போ புத்திக்குத்தான் கேடுன்னு இவரு சொல்லுகாரு.” அவள் சிரிக்கப் பார்த்தாள். “அதுவும் செரியாத்தான் இருக்கும். ராத்திரி பகல் அந்த லைட்டு கண்ணுல மின்னிட்டே இருக்கு. இல்லாத லைட்டு எப்பிடிண்ணே இப்பிடி மின்னும்? எனக்கே பயமாயிருக்கு. இனி வண்டி வேண்டாம், வித்துரலாம்னு இவரு ஆளு பாத்து வச்சிருக்காரு. நானும் செரின்னுட்டேன்.”

சொல்லேன் ஐயா! வாயைத் திற! ‘மின்னிச்சு, பிள்ளே, மின்னிச்சு’ — இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வேலப்பன் வாயைத் திறக்கத்தான் செய்தார். அதற்குள் செல்வகணேஷ் உள்ளேயிருந்து வந்து கையைக் கூப்பினான். “வந்தது பெரிய காரியம் அண்ணாச்சி. உங்க நல்ல பேருக்கு இவ கேடு வருத்திட்டா” என்றான். டீ வந்தது. வேலப்பன் டீயைக் குடித்தார். அவள் வீட்டு டீயை, அவள் முன்னால் உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். பழத்தை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். “சாரமில்ல, உடம்பைப் பாத்துக்கோ” என்பதுதான் அவர் வாயிலிருந்து வந்தது. ‘சாரமில்ல’, பரவாயில்லை என்று மன்னித்துவிட்டு வந்திருக்கிறார், பாருங்கள்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மாடம்மாள் தட்டைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள். “அவ திட்டினாளா?”

“இல்ல. மாப்பு கேட்டா.”

“அதுக்கு எதுக்கு இப்பிடி மூஞ்சிய வச்சிருக்கிய?”

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். மாடம்மாளிடம்கூட வெட்கமாக இருந்தது. முப்பது வருஷம் கீறல் இல்லாதவன் என்று அவளிடம்தானே அதிகம் பீற்றியிருக்கிறார். அடுத்த நாலு நாளும் டீக்கடைப் பக்கம் போகவில்லை. நாலு விளக்கு மின்ன ஒரு கார் நேரே போனதைப் பார்த்தபோது தெருவில் நின்று கத்தவேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

அந்த நாலு நாளும் கழிந்து ஸ்டேஷனில் ஒத்துதீர்ப்பு, சமரசம். நாகேஸ்வரனே முன்கை எடுத்து ஏற்பாடு செய்திருந்தார். கேஸ், கோர்ட் என்று அலையவேண்டாம், அவள் தப்பை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் போதும், நாமும் பெரியமனசு பண்ணலாம் என்றார். ஆபீஸில் முப்பது வருஷம் டிராஃப்ட் எழுதிய கை. கடிதத்தை அவரே அழகாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். ‘இடது இண்டிகேட்டர் மின்னியதாக நான் சொன்னது தவறு, என் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.’ கீழே ஷிஜா கையெழுத்து, அதற்குக் கீழே டிரைவர் வேலப்பன் கையெழுத்து.

ஷிஜா ஊன்றுகோலோடு வந்திருந்தாள். செல்வகணேஷ் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தான். எஸ்.ஐ. கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அவள் பக்கம் நகர்த்தினார். அவள் படித்தாள். ‘தவறு’ என்ற இடத்தில் அவள் கண் நின்றதை வேலப்பன் பார்த்தார். அவள் பேனாவை எடுத்தாள்.

“சாரே, அந்தப் பிள்ளை ஒப்பு போடாண்டாம்” என்றார் வேலப்பன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“லெஃப்டு மின்னிச்சு. அவ கண்டது நேருதான். நான் நாலையும் போட்டுட்டு வந்தேன், நேரே போகதுக்கு. பஸ்ஸுக்குப் பின்னாலயிருந்து வெளிய எடுத்தேன். அவ நின்ன எடத்துலயிருந்து பாத்தா லெஃப்டு ஒண்ணுதான் தெரியும்.”

எஸ்.ஐ. தன் பேனாவைக் கீழே வைத்தார். நேரே போக எதற்கு ஐயா விளக்கு என்று மலையாளத்தில் கேட்டார். திரும்புகிறவன் போடவேண்டியது சிக்னல். நேரே போகிறவன் சும்மா நேரே போனால் போதும். வண்டி கெட்டு வழியில் நின்றால் மற்றவனுக்குக் காட்டப் போடுவதல்லவா அந்த நாலும்? முப்பது வருஷம் ஓட்டிய ஆளுக்கு இது தெரியாதா?

“தெரியாது சாரே” என்றார் வேலப்பன். டீக்கடையில் அத்தனை பேருக்குப் பாடம் எடுத்த வாய்.

நாகேஸ்வரன் முகம் சிவந்துவிட்டது. “என்ன வேலப்பா சொல்றே? நான் உன்னை நம்பின்னா எழுதிண்டு வந்திருக்கேன்! முதல்லயே சொல்லப்படாதா?” தான் எழுதிய காகிதத்தை எடுத்து நாலாய் மடித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பத்து வருஷமாகப் பின்சீட்டில் இருந்த நம்பிக்கை அது. வேலப்பன் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எஸ்.ஐ. லைசென்சைக் கேட்டார். வேலப்பன் எடுத்து மேசைமேல் வைத்தார். கேஸ் வேறு மாதிரி எழுத வேண்டும், லைசென்ஸ் திரும்பி வர நாளாகும் என்றார். சரி சாரே என்றார் வேலப்பன்.

ஷிஜா அழுதுகொண்டிருந்தாள். புருஷனைப் பார்த்து, “கேட்டீங்களா? மின்னிச்சாம். கேட்டீங்களா?” என்றாள். செல்வகணேஷ் தரையைப் பார்த்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எஸ்.ஐ. போகச் சொன்னதும் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். நன்றி சொல்வாள் என்று வேலப்பன் எதிர்பார்த்தாரா? கொஞ்சம் எதிர்பார்த்தார். அதை நினைத்துப் பிற்பாடு அவர் தனியாக வெட்கப்பட்டார்.

அவள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்குப் பழம் வாங்கிட்டு வீட்டுக்கு வந்தீங்களே. நான் மாப்பு கேட்டேனே. அப்போவே இது தெரியுமா உங்களுக்கு?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் தெரிந்தது, ஓடி வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு மாதம் ஸ்கூட்டர் ஓட்டிய, டாக்டர் குறையில்லை என்று சொன்ன அந்தக் கண்.

“தெரியும், பிள்ளே” என்றார் வேலப்பன்.

அவள் தலையை ஆட்டினாள். பிடிக்க வந்த புருஷனின் கையை ஒதுக்கிவிட்டு, ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கிப் போனாள்.